காலுக்குப் பழகிய தோல்

நெட் ஹெஸ்லப்பின் தாய் சனிக்கிழமை வருகிறார் என்ற செய்தியை ஃபிஷ்விக் கொண்டுவந்தார். அவர் கிளஃப்டன் டவுன் கால்பந்து அணியின் பயிற்சியாளர். ஆல்மா ஹோல்டன் வாசல் படியைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வர்றாங்களாம்?"

"பூட்ஸுக்கு." ஃபிஷ்விக் தொப்பியைக் கழற்றினார். "அவனுக்குக் கல்லறை கிடையாதே. கப்பலோட போயிட்டான். அம்மாவுக்குன்னு ஒரு பிடி மண்ணு இல்ல. 'அவன் போட்ட பூட்ஸ் எங்கயாவது இருக்கா, உள்ள கையை விட்டுப் பாக்கணும்'னு கேட்டாங்களாம். தோல்ல காலோட அச்சு விழுந்திருக்குமில்ல. விரல் விரலா."

ஆல்மா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"கடைசி ஜோடி உன்கிட்டதான இருக்கு?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

ஆல்மா தன் காலைப் பார்த்தாள். ஃபிஷ்விக்கும் பார்த்தார். அவள் காலில் இருந்தது அந்த பூட்ஸ்தான்.

"அட கடவுளே," என்றார் ஃபிஷ்விக். "இன்னுமா?"

ஆல்மாவின் கால் பெரியது. மரச்செருப்பு செய்பவன் அவளுக்கு ஆண்கள் அச்சைத்தான் எடுப்பான். நெசவாலையில் அவள் செருப்பைப் படகு என்பார்கள். கால்வாயில் விட்டால் நிலக்கரி ஏற்றலாம் என்பார்கள். இருபது வயதில் ஒருவன் அவளை நடனத்துக்கு அழைத்துப் போனான். எல்லோருக்கும் கேட்கும்படி, "இவளைப் பிடிச்சுக்கவே வேணாம், தானா நிப்பா," என்றான். அதற்குப் பிறகு அவள் நடனத்துக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொள்ளும் பழக்கம் வந்தது.

பெற்றோர் இறந்த பின் ஆல்மா வீட்டு மாடி அறை காலியாக இருந்தது. வீடு மைதானத்துக்குப் பக்கம். வெளியூர் ஆட்டக்காரர்களைக் கிளப் அப்படிப்பட்ட வீடுகளில்தான் தங்க வைக்கும். அப்படி வந்தவன் நெட். டர்ஹமில் ஒரு சுரங்க ஊர். வயது பத்தொன்பது. அட்டைப் பெட்டி ஒன்று, கைகளில் நிலக்கரித் தூள் புகுந்து ஆறிய நீலத் தழும்புகள். வடக்கத்திப் பேச்சு, முதல் வாரம் அவன் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. அவளுடைய சமையலைப் பார்த்துவிட்டு அவனும் அதிகம் பேசவில்லை.

இடது ஓரத்தில் ஓடுவது அவன் வேலை. வேகமானவன். ஆனால் முதல் பயிற்சி முடிந்து வந்தபோது இடது காலுறை ரத்தமாக இருந்தது.

சுரங்கத்தில் பதினாலு வயதில் கரி வண்டிச் சக்கரம் அந்தக் காலில் ஏறியிருந்தது. இரண்டாவது விரல் பெருவிரலின் மேல் ஏறிப் படுத்துவிட்டது. புது பூட்ஸின் விளிம்பு சரியாக அங்கேதான் இடித்தது.

அந்தக் காலத்து பூட்ஸ் பலகை மாதிரி இருக்கும். போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் காலை வைத்து உட்கார வேண்டும். ஈரத்தோடு நடக்க வேண்டும். காலிலேயே காய வேண்டும். வாரக்கணக்கில் இப்படிச் செய்தால் தோல் இளகும். அதுவரை காலுக்குத்தான் தண்டனை. மற்றவர்கள் தாங்கினார்கள். நெட்டின் விரல் தாங்கவில்லை. இப்படியே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி சுரங்கம்தான் என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னான்.

ஆல்மா அவன் பூட்ஸை எடுத்துத் தன் மரச்செருப்பின் பக்கத்தில் வைத்தாள். ஒரே நீளம்.

"குடு இங்க."

"எதுக்கு, மிஸ் ஹோல்டன்?"

"என் கால்ல உணர்ச்சியே கிடையாது. நாள் பூரா கல் தரையில நிக்கிற கால்."

தொட்டியில் காலை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தாள். அதே காலோடு கரி அள்ளினாள், படி தேய்த்தாள், கடைக்குப் போனாள். தெரு முழுக்கப் பார்த்தது. எதிர்வீட்டு சிஸ்ஸி கிரீன்ஹால் ஜன்னலைத் திறந்து, "ஏய் ஆல்மா, டவுன் உன்னைச் சேத்துக்கிச்சா? மீசை எங்கடி?" என்று கத்தினாள்.

மூன்று வாரம் கழித்து நெட் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடையில் ஒரு முறை போய் வந்தான். பிறகு கதவைத் திறந்து தெருக்கோடி வரை ஓடினான். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. "மிஸ் ஹோல்டன், இது பூட்ஸே இல்ல. கையுறை," என்றான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புது ஜோடியும் முதலில் ஆல்மாவிடம் வந்தது. வழுக்காமலிருக்க அடியில் தோல் குமிழ்களை ஆணியடிப்பதற்கு முன்பே ஃபிஷ்விக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

நெட் பெரிய ஆட்டக்காரன் இல்லை. நம்பகமானவன் என்று பத்திரிகையில் போடுவார்கள். கோப்பை ஆட்டம் ஒன்றில், சேற்றில், மேல் பிரிவு அணி ஒன்றை எதிர்த்து இடது ஓரத்திலிருந்து அவன் அடித்த கோலைப் பற்றி மட்டும் ஊர் வருடக்கணக்கில் பேசியது. ஐந்து ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தான். சத்தமாகச் சிரிப்பான், அடித்துப் போட்டதுபோல் தூங்குவான். விட்டில் பூச்சிக்குப் பயப்படுவான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் திரும்பும்போது அப்பாவின் தோட்டத்திலிருந்து மணிக்கட்டுப் பருமனில் வெங்காயத்தாள் கொண்டுவருவான்.

அவன் இடது காலால் கோல் அடித்தால் நின்று பார்க்கும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்: "ஆல்மா காலு!" கூட்டம் முழுக்கச் சிரிக்கும். பிறகு அது சிரிப்பாக இல்லாமல் பழக்கமாகவே ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஆலையில் பெண்கள், "சனிக்கிழமை நீ ரெண்டு கோல் போட்டியாமே," என்பார்கள். படகு என்ற பேச்சு நின்றுபோனது. எப்போது என்று ஆல்மாவுக்குத் தெரியாது. ஒருநாள் தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தபோது பாவாடையை இழுத்துவிடவில்லை என்பதைக் கவனித்தாள்.

இதை நெட்டிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். அவசரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

போர் வந்தபோது பருவத்தில் மூன்று ஆட்டம்தான் முடிந்திருந்தது. லீக்கை நிறுத்தினார்கள். ஆட்டக்காரர்களுக்குப் படையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைக்கும். நெட்டுக்கும் கிடைத்திருக்கும். அவன் கடற்படைக்குப் போனான்.

"கோட்டு ஓரத்துலயே ஓடி அலுத்துப்போச்சு. கொஞ்சம் நடுவுல போய்ப் பாக்கறேன்," என்றான்.

பழைய ஜோடியைக் கப்பல் அணிக்கென்று எடுத்துக்கொண்டான். மூன்று ஆட்டம் மட்டும் கண்ட புது ஜோடியை அவளிடம் கொடுத்தான். "காய விட்டுடாதீங்க, மிஸ் ஹோல்டன். வந்ததும் வேணும்."

கண்ணிவெடி அகற்றும் கப்பல். வட கடல். மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு காலை நேரத்தில் அது மூழ்கியது.

தோலைக் காயவிடாமல் வைத்திருக்க ஆல்மாவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். செய்தி வந்த மறுநாளும் கொழுப்புத் தடவி, மாட்டிக்கொண்டு, கரி அள்ளப் போனாள். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நிறுத்த அவளுக்கும் தோன்றவில்லை. குமிழ்கள் கல் தரையில் தேய்ந்து போயின. ஏழு ஆண்டில் அந்த பூட்ஸில் நெட்டின் மடிப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. உள்ளே இருந்ததெல்லாம் ஆல்மாவின் கால்.

"சொல்லாத," என்றார் ஃபிஷ்விக் சமையலறையில் உட்கார்ந்து. "அவங்களுக்கு என்ன தெரியப்போவுது? காலுன்னா காலு."

"பெத்தவங்க."

"பெத்தவங்களுக்கு மூஞ்சி தெரியும். விரலா தெரியும்?"

சிஸ்ஸி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். "அந்த ரெண்டாவது விரல் மேல ஏறியிருக்கும்ல? பூட்ஸை நல்லா ஊறவை. நல்ல நீளமான உருளைக்கிழங்கா ஒண்ணு எடுத்து அந்த இடத்துல வச்சு அழுத்திக் கட்டு. சனிக்கிழமைக்குள்ள மேடு எழும்பிடும்."

"உருளைக்கிழங்கையா?"

"ரொட்டிக்குத்தான் ரேஷன். கிழங்குக்கு இல்ல."

ஃபிஷ்விக் சிரிக்கவில்லை. "அது வேலை செய்யும்," என்றார்.

ஆல்மா வெள்ளிக்கிழமை மாலை கிழங்குக் கூடையைக் கொட்டினாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். விரல் நீளம், ஒரு முனை வளைந்தது. இடது பூட்ஸுக்குள் விட்டுப் பார்த்தாள். பொருந்தியது. தன்னிடம் வருகிற அந்த அம்மாள் இருட்டுக்குள் கையை விட்டு, இதைத் தடவி, மகனே என்று அழுவதை நினைத்தாள். உண்மையைச் சொன்னால் அவர் வெறும் கையோடு போவதையும் நினைத்தாள். நெடுநேரம் நின்றாள். பிறகு கிழங்கை வெளியே எடுத்து உரித்து, மறுநாள் மாவுக்குள் வைத்துச் சுடும் பலகாரத்துக்காக மற்றவற்றோடு வேகப் போட்டாள். என்ன சொல்வது என்று அப்போதும் தெரியவில்லை.

சனிக்கிழமை வந்த திருமதி ஹெஸ்லப் சிறிய உருவம். கறுப்புத் தொப்பி, குடை, வழிக்குக் கட்டிய சாப்பாடு.

"நீதான் ஆல்மாவா, கண்ணு? சொல்லிருக்கான். நல்லா சமைப்பாங்கன்னு."

"பொய் சொல்லிருக்கான்."

"அது பொய்னும் அப்புறம் சொன்னான்."

ஆல்மா பூட்ஸை மேசைமேல் வைத்தாள். திருமதி ஹெஸ்லப் தேநீரைத் தொடவில்லை. கையுறையைக் கழற்றினார். வலது பூட்ஸை ஒதுக்கிவிட்டு இடதை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால், தெருவுக்கு அந்தப் பக்கம், சிஸ்ஸி தன் ஜன்னலில் நின்று உதட்டை மட்டும் அசைத்தாள். தறிச் சத்தத்தில் வேலை செய்பவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். வாயைத் தொறக்காத, வாயைத் தொறக்காத.

திருமதி ஹெஸ்லப் கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டார்.

குதிகால் பக்கம் மெதுவாகத் தடவினார். முன்னே போனார். விரல்களுக்கான இடத்தில் அவர் கை நின்றது. மறுபடி தடவினார். இன்னொரு முறை.

"இங்க இல்ல," என்றார்.

ஆல்மா ஜன்னலிலிருந்து பார்வையைத் திருப்பினாள்.

"அவனோட ரெண்டாவது விரல் மேல கிடக்கும். அது இங்க இல்ல. எல்லா விரலும் வரிசையா இருக்கு." கண்ணைத் திறந்தார். "இது யாரு?"

"நான்தான்," என்றாள் ஆல்மா.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். தொட்டி, ஈரம், படி, கரி. காயவிடாதே என்று அவன் சொன்னது. ஏழு ஆண்டு. சொல்லி முடித்ததும் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். எதற்கென்று தெரியவில்லை.

திருமதி ஹெஸ்லப்பின் கை இன்னும் பூட்ஸுக்குள் இருந்தது.

"எல்லா ஜோடியுமா?"

"எல்லா ஜோடியும்."

"ரத்தம் வருமா?"

"எனக்கு வராது."

"என்கிட்ட சொல்லாத."

"கொஞ்சம் வரும்."

திருமதி ஹெஸ்லப் தலையசைத்தார். தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சுரங்கத்துக்குப் போற நாள்ல தினமும் விடியக்காலைல அந்த விரலுக்கு நான்தான் ஆட்டு ரோமம் வச்சுச் சுத்தி விடுவேன். அஞ்சு வருஷம். இங்க ஆட வர்றேன்னு கிளம்பினப்ப அழுதேன். ஊரை விட்டுப் போறான்னு அழறதா அவங்கப்பா நினைச்சாரு. எனக்கு அந்த விரல்தான். யாரு பாத்துப்பாங்க? கோடைக்கு வந்து நின்னான். உள்ள வர்றதுக்கு முந்தி காலைக் காட்டுடான்னேன். வாசல்லயே உக்காந்து கழட்டினான். புண்ணு இல்ல. ஒரு கீறல் இல்ல. எப்படிடான்னேன். கிளப்புல ஒரு மெஷின் இருக்கும்மா, பூட்ஸை மெத்துனு ஆக்கிக் குடுத்துடும்னான்."

பூட்ஸுக்குள்ளிருந்து கையை எடுத்தார்.

"அன்னிலேருந்து ஞாயித்துக்கிழமை ஜெபத்துல அந்த மெஷினையும் சேத்துக்கிட்டேன்."

ஆல்மா அவரைப் பார்த்தாள்.

"ஆமாடி கண்ணு. அஞ்சு வருஷமா ஒரு மெஷினுக்காக ஜெபம் பண்ணிருக்கேன். துருப் பிடிக்காம இருக்கணும்னு."

முதலில் சிரித்தது யார் என்று பிறகு இருவருக்கும் நினைவில்லை. திருமதி ஹெஸ்லப் சிரித்ததில் தொப்பி நழுவியது. ஆல்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். எதிர் ஜன்னலில் சிஸ்ஸி திகைத்து நின்றாள். சிரிப்பு முடிந்ததும் திருமதி ஹெஸ்லப் கைக்குட்டையை எடுத்தார். சற்று நேரம் அழுதார். ஆல்மா காத்திருந்தாள்.

"யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாமலே இருந்தேன்," என்றார் திருமதி ஹெஸ்லப்.

"நான்தான் சொல்லணும்."

"நீ எதுக்கு?"

ஆல்மா சொன்னாள். படகைப் பற்றியும் நடனத்தைப் பற்றியும் கூட்டம் கத்தியதைப் பற்றியும். நெட்டிடம் சொல்லாமல் விட்டதையும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"காலைக் காட்டு," என்றார் திருமதி ஹெஸ்லப்.

ஆல்மா செருப்பைக் கழற்றிக் காட்டினாள். திருமதி ஹெஸ்லப் குனிந்து பார்த்தார்.

"பெரிய காலுதான்."

"ஆமா."

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான். நின்னா நின்னதுதான்."

இருவரும் கிழங்குப் பலகாரத்தைச் சாப்பிட்டார்கள். நெட் சொன்னது உண்மை என்று திருமதி ஹெஸ்லப் சொன்னார். எது என்று சொல்லவில்லை.

அவர் கிளம்பும்போது ஆல்மா பூட்ஸை உள்ளே எடுத்துப் போகப் போனாள்.

"எங்க கொண்டு போற?"

"உள்ள அவன் இல்லையே, மிஸஸ் ஹெஸ்லப்."

"அவன் கால் எப்படி இருக்கும்னு எனக்கு எதையும் தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டாம். அது நோகாம இருந்துச்சு. யாரால அப்படி இருந்துச்சோ, அந்தக் கால் இதுல இருக்கு. காகிதத்துல கட்டிக் குடு."

ஆல்மா கட்டிக் கொடுத்தாள். வெறும் கால்களோடு நிற்பது போல ஒரு கணம் இருந்தது. மனத்தில் பாரமில்லை.

ரயில் நிலையத்துக்கு மைதானத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏழு ஆண்டுக்குப் பிறகு லீக் தொடங்கும் நாள். தெரு முழுக்க ஆட்கள், படையிலிருந்து திரும்பியவர்களுக்குக் கொடுத்த ஒரே மாதிரி கோட்டுகள். திருமதி ஹெஸ்லப் நுழைவாயில் அருகே நின்றார்.

"நான் அவன் ஆடிப் பாத்ததே இல்ல. சனிக்கிழமைன்னா வீட்டு ஆம்பளைங்க எல்லாம் சுரங்கத்துலேருந்து குளிக்க வருவாங்க. தண்ணி காய்ச்சவே சரியா இருக்கும்." குடையை ஊன்றிக்கொண்டார். "அடுத்த ரயில் எப்ப?"

"சாயந்திரம் ஒண்ணு இருக்கு."

உள்ளே, நின்று பார்க்கும் சரிவில் கால் வைக்க இடமில்லை. திருமதி ஹெஸ்லப்புக்கு முன்னால் முதுகுகள் மட்டும் தெரிந்தன. நெட் ஓடிய ஓரம் கீழே, வேலியை ஒட்டி இருந்தது.

"பாட்டிம்மா, கீழ போகணுமா?" என்றான் ஒருவன். "சின்னப் பசங்கள தலைக்கு மேல தூக்கி அனுப்பறோம். உங்களையும் அனுப்பட்டுமா?"

"தொட்டுப் பாரு. குடை இருக்கு."

சுற்றிலும் சிரித்தார்கள். ஆட்கள் ஒருக்களித்து வழிவிட்டார்கள். ஆனால் அந்த நெரிசலில் பொட்டலத்தைக் கொண்டுபோக முடியவில்லை. "அதைக் குடுங்க, முன்னாடி போகட்டும்," என்று அவன் வாங்கிக்கொண்டான். தூக்கிப் பார்த்தான். "என்ன இது, இரும்பா?"

"நெட் ஹெஸ்லப்போட பூட்ஸ்," என்றாள் ஆல்மா. "இவங்க அவன் அம்மா."

அவன் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்தான். முன்னால் நின்றவன் தோளைத் தொட்டு ஏதோ சொன்னான். அவன் திரும்பி, தொப்பியைக் கழற்றிப் பையில் செருகிவிட்டு வாங்கினான். பொட்டலம் தலைகளுக்கு மேலே கீழ்நோக்கிப் போனது. குழந்தைகளை அனுப்புவதைவிட மெதுவாகப் போனது. அது போவதற்கு முன்பே பெயர் போய்விட்டது. கீழே வரை தலைகள் வரிசையாகத் திரும்பின. "ஆல்மா எங்க?" என்று ஒரு குரல் கேட்டது. "இதோ, பின்னால," என்றது இன்னொன்று. கைகள் முன்கூட்டியே நீண்டன. யாரும் எறியவில்லை.

ஆல்மாவும் திருமதி ஹெஸ்லப்பும் வேலிக்கு வந்து சேர்ந்தபோது வயதான ஒருவர் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதைத் தாயிடம் கொடுத்தார். திருமதி ஹெஸ்லப் அதை வேலிச் சுவர்மேல் வைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"எங்க ஓடுவான்?"

ஆல்மா காட்டினாள். வெள்ளைக் கோடு. அதை ஒட்டிய புல். எட்டிக் குனிந்தால் தொட்டுவிடும் தூரம்.

"இவ்வளவு கிட்டயா?"

"மூச்சு விடறது கேக்கும்."

அணிகள் வந்தன. இடது ஓரத்துக்குப் புதிதாக ஒருவன் வந்து நின்றான். ஒல்லியானவன், காது பெரியது. ஊதல் ஒலித்தது. கொஞ்ச நேரம் பந்து அந்தப் பக்கமே சுற்றியது. பிறகு யாரோ நீளமாக அடிக்க, அது உருண்டு கோட்டை ஒட்டி வந்தது. புதியவன் ஒரு கணம் தயங்கினான்.

சரிவில் இருந்த அத்தனை பேரும் வாயைத் திறப்பதற்குள் திருமதி ஹெஸ்லப் கத்தினார்.

"ஓடுடா!"